ஆறாம் மேசையில் யாரும் இல்லை

ஜூலை 4

அணிலுக்கு,

உன் பெரியப்பா எழுதிக்கறது. நான் இன்னும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கேன், இப்போதைக்கு நிறுத்தறதா இல்ல. நீ எப்படி இருக்கே? பல்லு வலி போச்சா, இல்ல பல்லே போச்சா? உங்கம்மா சௌக்கியமா? ஆஸ்பத்திரி போர்வைய எல்லாம் வெளுத்துட்டு வீட்டுக்கு வந்து உன்னயும் வெளுக்கறாளா?

என் தம்பி எப்படி இருக்கான்? பக்கவாதம் வந்து அஞ்சு மாசம் ஆகுது. கை அசையுதா? பேச்சு ஏதாச்சும் வந்துச்சா? ரொட்டி வண்டி ஓட்டற காலத்துல அவன் வாய்க்கு முன்னாடி ஹாரனே தோத்துப் போகும். அந்த வாயி சும்மா கெடக்குதுன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. சரி, பொய். எறங்குது. கொஞ்சம் மெதுவா எறங்குது.

போன் வாங்குங்கன்னு எழுதியிருக்கே. எனக்கு எதுக்குடி போனு? போன்ல கேலி பண்ணினா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறது தெரியாது. கடுதாசின்னா நானே நெனச்சுப் பாத்துச் சிரிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, நான் அஞ்சாங்கிளாஸ்ல பாதிதான் ஏறினவன். என் எழுத்தப் பாத்து நீ சிரிக்கப்படாது.

இங்க மரக்கிடங்குல எல்லாம் பழையபடிதான். லாரி வந்தா கேட்டத் தூக்கறேன், நம்பர எழுதறேன், கேட்ட எறக்கறேன். கேட்டுப் பக்கத்துலயே ரூம்பு. ரூம்புல ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நான். மூணுல கட்டில்தான் வயசுல சின்னது.

நீ காலேஜ்ல ரெண்டாம் வருஷம் போயிட்டியாமே. கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஊத்தி நெறம் மாத்தறதுக்கு மூணு வருஷப் படிப்பா? பதில் போடு, சோம்பேறி.

உன் கிறுக்குப் பெரியப்பா


ஜூலை 19

அன்புள்ள பெரியப்பா,

பல் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உங்கள் முட்டி எப்படி? மருந்து தடவுகிறீர்களா, அல்லது கட்டில் காலுக்குத் தடவுகிறீர்களா?

அப்பாவின் வலது பக்கம் அப்படியேதான். இடது கை நன்றாக வேலை செய்கிறது. பேச்சு இல்லை, ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், கோபம் என்றாலும் அதுதான். கேட்டவுடன் ஓட வேண்டும். திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்கு எழுதிவிடாதீர்கள். அம்மா காலை ஏழு மணிக்குச் சலவைக்கூடத்துக்குப் போனால் திரும்பி வர நாலாகிவிடும். அதுவரை அப்பாவை மாடிவீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "என்னால தூக்க முடியலம்மா, தப்பா நெனச்சுக்காத" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறாள். மற்ற நாளெல்லாம் நான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவைக் கெஞ்சியது நான்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். அப்பா விழுந்த வாரமே அம்மா சொன்னாள்: "ஒருத்தி வேலைக்குப் போகணும், ஒருத்தி வீட்ல இருக்கணும். யாரு எங்கன்னு நீயே சொல்லு."

நூற்றுக்கு எழுபத்தைந்து நாளாவது வகுப்பில் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அதனால் என் தோழி குட்டை எனக்காக "பிரசன்ட்" சொல்கிறாள். உயரத்துக்கு வைத்த பெயர் அது. தைரியத்துக்கு வைத்திருந்தால் நெட்டை. தலையைக் குனிந்துகொண்டு என் குரலிலேயே சொல்வாள். எழுபது பேர் இருக்கும் வகுப்பில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இது எத்தனை நாளைக்கு ஓடும், பெரியப்பா? நீங்கள் வந்து இரண்டு மாதம் எங்களோடு இருக்க முடியுமா? இரண்டு பேராகத் தூக்குவதென்றால் அக்காவும் கை கொடுப்பாள். அப்பா சத்தம் போட்டால் என்னவென்று பார்க்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். வருகிறேன் என்று எழுதுங்கள்.

உங்கள் அணில்


ஜூலை 30

அடியே அணில்,

முட்டி நல்லாருக்கு, மத்ததெல்லாம்தான் ரிப்பேரு. உன் பல்ல மொதல்ல புடுங்கு.

ரெண்டு மாசம் வான்னு கூப்புடறே. நான் வந்தா உங்க வீட்ல குளிப்பாட்ட வேண்டியவன் ரெண்டு பேரு ஆயிருவான். அதுவும் போக லாரிக்காரனுங்க என்ன விட மாட்டானுங்க. நான் இல்லன்னா கேட்ட யாரு தூக்குவா? தூக்கினாலும் அவனுங்கள யாரு திட்டுவா? கொஞ்ச நாள் ஓட்டு. அப்புறம் பாக்கலாம்.

சிரிக்கறதுக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. போன வாரம் முதலாளி வந்து என்கிட்ட என்னமோ சொன்னார். நான் பல்லக் காட்டிட்டு, "ஆமா மொதலாளி, ரொம்ப சந்தோசம்"னேன். சுத்தி நின்னவனுங்க மொகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. பின்னாடி கிளார்க்கு ஒரு சீட்டுல எழுதிக் காட்டறான், மாமியார் செத்துட்டதா சொன்னாராம். நல்ல வேள, முதலாளி கோவிச்சுக்கல. "மனசுல இருக்கறதச் சொன்னவன் இவன் ஒருத்தன்தான்"னு சொல்லிட்டுப் போனாராம்.

குட்டைகிட்ட சொல்லு, உன் கொரல்ல பேசறது பெரிய வித்தை இல்ல, கீச்சுன்னா போதும். தம்பிக்கு நான் கேட்டதா சொல்லு.

உன் பெரியப்பா


செப்டம்பர் 2

அன்புள்ள பெரியப்பா,

ஒரு மாதமாக எழுதவில்லை. நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே நலமில்லை.

ஆகஸ்ட் இருபதாம் தேதி எங்கள் ஆய்வுக்கூடத்தில் விபத்து. அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். வெறும் "பிரசன்ட்" ஆய்வுக்கூடத்தில் செல்லாது. ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, எனக்கு ஆறாம் மேசை. அது காலியாக இருந்தால் தெரிந்துவிடும் என்று குட்டை என் குடுவையை எடுத்து வைத்து, என் நோட்டை விரித்து, என் அடுப்பையும் பற்ற வைத்திருக்கிறாள். தன் மேசைக்கும் என் மேசைக்கும் ஓடி ஓடி இரண்டு பேர் வேலையைச் செய்திருக்கிறாள். நடுவில் என் அடுப்பு அணைந்து போனதை அவள் பார்க்கவில்லை. வாயு மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஏழாம் மேசைப் பெண் தீக்குச்சி கிழித்தாள். அவளுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

ஆறாம் மேசையில் யார் இருந்தது என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். நான் இருந்ததாக இருக்கிறது.

நான் இல்லை என்று சொன்னால் யார் பற்ற வைத்தது என்று கேட்பார்கள். குட்டையை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். என் வராத நாட்களும் சேர்ந்து வெளியே வரும். இருந்தேன் என்று சொன்னால், ஒரு பெண்ணின் கையை எரித்தவள் நான். இரண்டில் எதைச் சொன்னாலும் என் படிப்பு முடிந்தது.

குட்டை அழுதுகொண்டே, "நானே போய் சொல்லிடறேன்டி" என்கிறாள். "வாய மூடு, உனக்கும் எனக்கும் சேத்து ஒரு வாயிதான் இருக்கு இப்ப" என்று அடக்கி வைத்திருக்கிறேன்.

பதினாறாம் தேதி காலை பதினொரு மணிக்குப் பிரின்சிபால் விசாரணை. பெற்றவரோ பெரியவரோ வர வேண்டுமாம். அப்பாவால் முடியாது. அம்மாவுக்குத் தெரிந்தால் அவளே படிப்பை நிறுத்திவிடுவாள். நீங்கள்தான் வர வேண்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அன்று நான் வீட்டில் இருந்தேன் என்று சொல்லுங்கள். எனக்குப் பதிலாக "பிரசன்ட்" சொன்னது யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பரீட்சை எழுத மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர் கேட்டால் மனம் இளகலாம்.

வராமல் இருந்துவிடாதீர்கள்.

அணில்


செப்டம்பர் 7

அணிலு,

வரேன்.

அழாத. நீ அழுதா மூக்கு தக்காளி ஆயிரும், அப்புறம் எந்த ஏமாளி உன்னக் கட்டிக்குவான்? பதினாறாந்தேதி பத்து மணிக்கு உங்க காலேஜ் வாசல்ல நிப்பேன். வெள்ளச் சட்ட, தொவைச்சது. பல்லு செட்டக் கூட மாட்டிக்கிட்டு வரேன், மரியாதைக்கு.

ஒண்ணு கேக்கணும். அந்தப் பிரின்சிபாலுக்கு மீசை இருக்கா? பெரிய மீசையா, சின்ன மீசையா? அவரு ரூம்புல ஜன்னல் எந்தப் பக்கம்? சிரிக்காத, காரணமாத்தான் கேக்கறேன். பெரிய மீசைக்காரன்னா எனக்குக் கொஞ்சம் பயம்.

நீயும் உள்ள வந்து என் பக்கத்துல ஒக்காரு. அது முக்கியம்.

தம்பிய அன்னிக்கு அக்காகிட்ட ஒப்படைச்சுட்டு வா.

உன் பெரியப்பா


செப்டம்பர் 20

அன்புள்ள பெரியப்பா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

நான்கு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன். பிரின்சிபால் என்னை உள்ளே விடாமல் "மொதல்ல பெரியவரோட பேசறேன்" என்று கதவைச் சாத்தியபோது உயிரே போய்விட்டது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் பேசப் பேச நீங்கள் எவ்வளவு பொறுமையாகத் தலையாட்டினீர்கள்! வெளியே வந்து, "முடிஞ்சு போச்சு. தங்கமான மனுஷன். வா, டீ குடிக்கலாம்" என்றீர்களே, அந்த டீயைப் போல ஒரு டீ நான் குடித்ததில்லை. மீசை பற்றிக் கேட்டிருந்தீர்கள், பார்த்துவிட்டீர்கள். வாயே தெரியாத மீசை.

வீட்டில் அப்பா உங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி லாரிக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கண் கலங்கியதை மறைத்தீர்கள் என்று நினைக்கிறேன்.

குட்டை உங்களுக்கு ஒரு கும்பிடு போடச் சொன்னாள்.

உங்கள் அணில்


செப்டம்பர் 29

பெரியப்பா,

கல்லூரியிலிருந்து தபால் வந்திருக்கிறது. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கீழே இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே?

ஆறாம் மேசையில் நான் இருந்ததை ஒப்புக்கொள்கிறேனாம். அடுப்பை அணைக்காதது என் கவனக்குறைவாம். போலீசுக்குப் போகாமல் இருக்க, அக்டோபர் முப்பத்தொன்றோடு நானாகவே படிப்பிலிருந்து விலகிக்கொள்கிறேனாம். வாசித்துக் காட்டியதாகவும் பெரியவர் சம்மதித்ததாகவும் எழுதியிருக்கிறது.

ஏன் பெரியப்பா? மிரட்டினாரா? என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். உடனே.

அணில்


அக்டோபர் 13

பெரியப்பா,

இரண்டு வாரம் ஆகிறது. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறேன். "லவ் லெட்டரா பாப்பா?" என்று கேலி செய்கிறார். உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். தலையணைக்கு அடியில் இருந்த தபாலைப் படித்துவிட்டாள். அக்கா வராததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, அடிக்கவில்லை. அவள் கையெல்லாம் சலவைப் பொடியில் வெடித்திருக்கும். அந்தக் கையால் தபாலை நாலாக மடித்துக்கொண்டே, "நாலு மாசமா என்ன ஏமாத்தியிருக்கே. சரி விடு. பெரியவரே கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே வீட்ல இரு" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது, பெரியப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறேன். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் அழுதால் அவரும் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்.

அவர் கேட்டார், நீங்கள் தலையாட்டினீர்கள். நான் கண்ணால் பார்த்தேன். எதற்காகத் தலையாட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களும் நான் வீட்டில் இருப்பதே நல்லது என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் அதையாவது எழுதுங்கள். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.


அக்டோபர் 17

அணிலு,

உன் கடுதாசி ரெண்டும் வந்துச்சு. ஏழு தடவ எழுதி ஏழு தடவ கிழிச்சேன். இது எட்டாவது.

எனக்குக் காது கேக்காது.

கொஞ்சம் இல்ல. சுத்தமா. நாலு வருஷமாச்சு. லாரி வந்தா மண்ணு அதிரும், காலுல தெரியும். மனுஷன் பேசினா உதட்டப் பாத்துக்குவேன். புரியலன்னா சிரிச்சுட்டு ஆமான்னுடுவேன். ஆமான்னா யாரும் மறுபடி கேக்கறதில்ல. இத்தன நாளு அதுலயே ஓட்டிட்டேன். எல்லாரும் நான் வெளையாடறேன்னு நெனச்சுக்குவாங்க. நானும் அப்படித்தான் நெனைக்க வச்சேன்.

அந்த ஆளு உதட்ட மீசை மூடியிருந்துச்சு. ஜன்னல் அவரு முதுகுப் பக்கம், மொகம் இருட்டா இருந்துச்சு. நீ பக்கத்துல இருந்தா உன் மொகத்தப் பாத்துச் சமாளிக்கலாம்னு நெனச்சேன், உன்ன வெளிய நிறுத்திட்டாரு. நீ சொல்லிக் குடுத்தத மொதல்ல கடகடன்னு சொல்லிட்டேன். அவரு ரொம்ப நேரம் பேசினாரு. கோவமே இல்ல மொகத்துல. கடைசியில பேனாவக் குடுத்தாரு. பரீட்சை எழுத விடறேன்னுதான் எழுதியிருப்பாருன்னு போட்டுட்டேன். எழுத்து பொடிப் பொடியா இருந்துச்சு, கண்ணாடியும் கொண்டு போகல.

கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாயி வரல. வெக்கமா இருந்துச்சு. செவிட்டுக் கெழவனக் கூட்டிட்டு வந்திருக்கா பாருன்னு உன்னக் கேலி பண்ணுவாங்கன்னு நெனச்சேன். அப்படியே நெனச்சு உன் தலையில கல்லப் போட்டுட்டேன்.

ஜூலைல நீ கூப்புட்டப்பவும் அதான். தம்பி சத்தம் போட்டா எனக்கு எப்படிடி தெரியும்? அன்னிக்கு அவன் சத்தம் போட்டான்னு எழுதியிருக்கே. நீ எழுதித்தான் எனக்கே தெரியும்.

ஒரு வழி இருக்கு. கிடங்கு டாக்டரு நாலு வருஷம் முன்னாடி என் காதச் சோதிச்சு எழுதி வச்சிருக்காரு. அந்தக் காகிதம் இருந்தா நான் அன்னிக்கு ஒண்ணும் கேக்காமதான் கையெழுத்துப் போட்டேன்னு காட்டலாம். ஆனா அவரு காகிதத்த வெளிய எடுத்தா முதலாளிக்கு ஒரு நகல் போயாகணும், அது சட்டமாம். அத நீ யோசிக்காத. அது என் பாடு.

பெரியப்பா


அக்டோபர் 29

அணிலு,

நேத்து உங்க காலேஜுக்குப் போயிட்டு வந்தேன். உன்கிட்ட சொல்லாமதான் போனேன். உன் மூஞ்சியப் பாக்க தைரியமில்ல.

டாக்டர் காகிதத்த மேச மேல வச்சு, ஒரு நோட்டுல "எனக்குக் காது கேக்காது, அன்னிக்கும் கேக்கல, எழுதிக் கேளுங்க"ன்னு எழுதி நீட்டினேன். அந்த மனுஷன் காகிதத்த ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் பேனாவ எடுத்தாரு. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் எழுதினோம். என் எழுத்தப் பாத்து ரெண்டு எடத்துல சிரிச்சாரு. சிரிச்சா மீசை தூக்குது, உள்ள உதடு இருக்கு.

நீ வீட்ல என் தம்பியத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்ததா எழுதினேன். கடைசியில அவரு, "அப்படியானால் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக பிரசன்ட் சொன்னது யார்?"னு எழுதினாரு. நான் கீழ, "ஐயா, எனக்குக் காது கேக்கல"ன்னு எழுதினேன். எழுதினதுக்கா காது கேக்கலன்னு மொறைச்சாரு. நான் பல்லக் காட்டினேன்.

கையெழுத்த ரத்து பண்ணிட்டாரு. நீ வெலக வேணாம். ஆனா வராத நாளெல்லாம் கழிச்சுட்டாங்க. இந்த வருஷம் பரீட்சை கெடையாது. அடுத்த வருஷம் இதே வகுப்புல மறுபடி ஒக்காரணும். அதுவும் இப்பலேர்ந்து ஒரு நாள் தவறாம போனாத்தானாம். ஒரு நாள் கொறஞ்சாலும் பேர எடுத்துருவேன்னு பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தாரு. என்னால வாங்க முடிஞ்சது அவ்வளவுதான். ஒரு வருஷம் உன்னுது போச்சு. அத நான் எங்க போயி வாங்கித் தருவேன்.

இங்க எல்லாரும் சௌக்கியம். கேட்டுக்குப் புது ஆளு வந்திருக்கான், நல்ல பையன், காது கூர்மை. நான் பதினஞ்சாந்தேதி வரைக்கும் இந்த ரூம்புல இருப்பேன். அப்புறம் விலாசம் மாறும். எங்கன்னு இன்னும் முடிவு பண்ணல. நெறைய எடத்துலேர்ந்து கூப்புடறாங்க.

பெரியப்பா


நவம்பர் 4

பெரியப்பாவுக்கு,

உங்களை யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். முட்டி எப்படி இருக்கிறது என்று இந்த முறை உண்மையை எழுதுங்கள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் குட்டை என்னிடம் சொல்லாமல் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளை இந்த வருடம் முழுக்க வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழாம் மேசைப் பெண்ணைப் பார்க்கப் போனேன். விரல் மடங்கவில்லை. அவளுடைய அம்மா கதவைச் சாத்திவிட்டாள். வகுப்பில் என் பக்கத்து இடம் இப்போது காலி. என் பெயரைக் கூப்பிடும்போது நானே "பிரசன்ட்" சொல்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

இந்த வாரம் மாடிவீட்டு அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நாளும் வருகிறாள். அடுத்த வாரம் முடியாது என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை நான் வீட்டில் இருந்தால் என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அம்மாவிடம் நீங்கள் வருவதாகச் சொன்னேன். "கூப்புட்டா ஓடற வேலை. காது கேக்காதவரு எப்படிப் பாத்துப்பாரு?" என்றாள். இரண்டு நாள் யோசித்து, இரண்டு பேர் கையையும் ஒரு கயிற்றால் இணைத்துவிடலாம் என்று சொன்னேன். அம்மா சலவைக்கூடத்திலிருந்து கிழிந்த போர்வைகளின் ஓர நாடா கொண்டுவந்தாள். அவளேதான் கொண்டுவந்தாள், எதற்கு என்று சொல்லாமல். நான் முறுக்கித் தைத்து வைத்திருக்கிறேன், எட்டடி நீளம். ஒரு முனை அப்பாவின் இடது கையில், ஒரு முனை உங்கள் மணிக்கட்டில். ஒரு இழுப்பு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நேற்று அப்பாவின் கையில் கட்டிப் பார்த்தேன். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். மறுமுனையில் யாரும் இல்லை, நாற்காலிக் கால்தான்.

அம்மா ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஏழரைக்கு நான். பதினைந்து வரை காத்திருக்காதீர்கள். ஞாயிறு மாலை பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள்.

அணில்